போர் முடிந்த பட்டணத்தில் ஒரு தேவைக் கல்யாணம்: சரித்திரக் காதல் கதை எழுதுவது எப்படி?

போன வருஷம் நான் எழுதி முடித்த குறுநாவல் 1945-இல் சென்னை ராயபுரத்தில் நடக்கிறது. போர் முடிந்த கையோடு, ஆளுக்கொரு அவசியத்துக்காகக் கல்யாணம் செய்துகொள்ளும் இரண்டு பேரின் கதை. நடுவில் மூன்று மாதம் ஒரு வரிகூட நகரவில்லை. எதனால் நின்றது, எப்படி நகர்ந்தது என்று இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை, தேதிகளை வரிசையாக எழுதுவது. ஒரு கோடு போட்ட நோட்டு போதும். கணினி அட்டவணையைவிட இதுதான் நல்லது, கையால் எழுதினால் மனசில் நிற்கும். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானிடம் வீழ்ந்தது. ஏப்ரலில், ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டணத்தைக் காலி செய்தார்கள். 1943 அக்டோபரில் நிஜமாகவே ஒரு விமானம் வந்து குண்டு போட்டது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் உங்கள் ஆட்களின் வயதை எழுதிவிடுங்கள்.

அடுத்து, கல்யாணத்துக்கான காரணம். தேவை இரண்டு பேருக்கும் இருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் இருந்தால் அது இரக்கம். இரக்கத்தில் நன்றி பிறக்கும், காதல் பிறக்காது. என் நாயகி பர்மாவிலிருந்து நடந்து வந்தவள், வழியிலேயே கணவனைப் பறிகொடுத்தவள். அவளுக்கு ஒண்ட ஓர் இடம் வேண்டும். அவன் பட்டாளத்திலிருந்து திரும்பித் துறைமுகத்தில் வேலைக்குப் போகிறான். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கப்புறம்தான். பத்தாவது அத்தியாயத்தில் அவன் அவளிடம் "உன்னை விரும்புகிறேன்" என்றான். அந்த வரி அந்த வீட்டில் ஒட்டவே இல்லை. தண்டையார்பேட்டையில் இருக்கும் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தக் காலத்துல யாருடா அப்படிச் சொன்னா? கூப்புடறதுலயே தெரிஞ்சிடும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து, ஒருவரை ஒருவர் கூப்பிடும் ஒவ்வொரு இடத்தையும் அடிக்கோடிட்டேன். நீங்களும் கட்டாயம் இதைச் செய்யுங்கள். ஆரம்பத்தில் அவள் அவனைக் கூப்பிடுவதே இல்லை. "அத்தை, சாப்பிட வரச் சொல்லுங்க" என்று மாமியார் வழியாகத்தான் பேச்சு. அவன் அவளை, ஊரார் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல "இந்தாம்மா" என்கிறான். ஒரு நாள் காலையில் அத்தை தூங்குகிறாள். அவன் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுக் கிளம்பிவிட்டான். அவள் தூக்கோடு வாசலுக்கு ஓடி வருகிறாள், அவனோ தெருமுனைக்குப் போய்விட்டான். பெயர் சொல்ல முடியாது, நடுவில் ஆளும் இல்லை. "ஏங்க!" என்கிறாள். தெருவில் போகும் நாலு ஆம்பளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள், அவனும் திரும்புகிறான். அன்று ராத்திரி அவன் வாயிலிருந்து "ம்மா" போய்விடுகிறது. "நீ சாப்ட்டியா?" என்று கேட்கிறான். இதை எழுதிய பிறகு மீதிக் கதை இரண்டே வாரத்தில் முடிந்தது.

காலத்து விவரங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பத்திரிகைகளைத் தேடுங்கள். செய்தியைவிட விளம்பரங்களைப் படியுங்கள். என்ன உடுத்தினார்கள், என்ன வாங்கினார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் ஒரு நாள் கல்மண்டபத்திலிருந்து ராயபுரம் ஸ்டேஷன்வரை நடந்து பாருங்கள். 1856-இல் திறந்த ஸ்டேஷன் அது, உங்கள் ஆட்களும் அதைப் பார்த்திருப்பார்கள்.

பிறகு சேர்த்தது: இதைப் படித்த ஒருவர் தன் கதையை அனுப்பியிருந்தார். 1946-இல் டிராம் டிக்கெட்டுக்கு "பத்து பைசா" கொடுக்கிறார்கள். நூறு பைசா கணக்கு 1957-இல்தான் வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. டிராம் மட்டும் சரி, அது 1953 வரை ஓடியது.

இன்னொருவர் கதையில் ஜோடி 1946-இல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்கிறது, அவன் இறந்ததும் வீடு சிக்கலே இல்லாமல் அவளுக்கு வருகிறது. அந்தத் திருமணங்கள் செல்லும் என்று சட்டம் வந்தது 1967-இல், அண்ணா முதல்வரான பிறகு. அவன் அண்ணன் தம்பிகள் சும்மா விட்டிருப்பார்களா? அந்தச் சண்டையை எழுதுங்கள் என்று அவருக்குப் பதில் போட்டிருக்கிறேன்.