தரங்கம்பாடியில் உட்கார்ந்து வங்கக்கடல் நீரோட்டத்தைப் பார்ப்பது எப்படி

நம் கரைக்கு வெளியே ஓடுவதற்குக் கிழக்கிந்தியக் கரையோர நீரோட்டம் என்று பெயர். மாசி, பங்குனியில் வடக்கே சென்னைப் பக்கம் இழுக்கும், ஐப்பசி, கார்த்திகையில் அப்படியே திரும்பி இலங்கையின் கிழக்குக் கரையைப் பார்த்துப் போகும். பார்த்துப் பழக கார்த்திகைதான் தோது.

முதலில் கோபர்நிகஸ் மரைன் என்ற ஐரோப்பியக் கடல் தகவல் தளத்தின் இலவச வரைபடத்தில் கடல்மட்ட உயரத்தைப் போடுங்கள். செயற்கைக்கோளுக்கு ஓட்டம் தெரியாது, உயரம்தான் தெரியும். சென்டினல்-6 செயற்கைக்கோள் 1,336 கிலோமீட்டர் மேலிருந்து ரேடார் துடிப்பை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்துக் கடல்மட்டத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கிறது, மிச்சத்தை நாம்தான் படிக்க வேண்டும்.

நான் ஏமாந்தது இங்கேதான். மடை திறந்தால் தண்ணீர் பள்ளத்துக்குப் போகும் என்று பார்த்தே வளர்ந்த புத்தி, நவம்பர் படத்தில் கரையோரம் மேடாகவும் வெளியே பள்ளமாகவும் இருந்ததும், ஓட்டம் கிழக்கே என்று நோட்டில் எழுதிவிட்டேன். தப்பு. பூமி சுழல்வதால் நம் பக்கத்துப் பெரிய ஓட்டம் சரிவில் இறங்காது, மேட்டை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு குறுக்கே போகும். வலது கையில் கரை என்றால் முகம் தெற்கே! பங்குனியில் மேடு வெளியே போய்விடும், முகம் வடக்கே. நடுவில் வட்டவட்டமாகத் தெரிபவை சுழல்கள், அவற்றுக்கும் இதே கணக்குதான்.

கரையை நெருங்க நெருங்க நிலம் குறுக்கிட்டு அளவு தடுமாறும். அந்த இடத்துக்கு, கரையிலிருந்தே மேல்தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் கரை ரேடார்தான், நமக்குப் பக்கத்தில் கடலூரிலும் கல்பாக்கத்திலும் நிறுவியிருக்கிறார்கள்.

அப்புறம் ஆர்கோ மிதவை, கடலில் தானாக மூழ்கி எழும் அளவுக் கருவி. 1,000 மீட்டர் ஆழத்தில் கிடந்து, 2,000 மீட்டர் வரை இறங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடி மேலே வரும். அது நகர்ந்த பாதையை மேல்தண்ணீரின் ஓட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உப்பைப் பாருங்கள். கார்த்திகையில் மேல்தண்ணீரில் உப்பு குறைந்திருந்தால், மழையோடு கங்கை, கோதாவரித் தண்ணீரும் ஓட்டத்தோடு தெற்கே வந்திருக்கும்.

பாட்டில் வீசிப் பார்க்கும் வேலை வேண்டாம், அது காற்றுக்கு ஓடும். ஆய்வு மிதவைகளில் 15 மீட்டர் கீழே ஒரு துணிக்குழாயைத் தொங்கவிடுவதே அதனால்தான். அதைவிடக் காலையில் படகு கரையேறும்போது, வலையை ஓட்டம் எந்தப் பக்கம் இழுத்தது, எத்தனை பாகம் (ஆழக் கணக்கு) ஆழத்தில் போட்டீர்கள், வாடைக்காற்று எப்படி என்று மூன்றையும் கேட்டு, அன்றைய படத்துக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.