வெளிநாட்டு டூர்: பணம் கட்டும் முன்பே நடக்கும் தவறுகள்

கோவையிலும் ஈரோட்டிலும் வெளிநாட்டு டூர் பேச உட்கார்ந்தால் முதல் கேள்வி, "எத்தனை எடம் காட்டுவீங்க?" அடுத்தது, "காலைல இட்லி கிடைக்குங்களா?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்த இடங்களைக் காட்டப்போகிறவர் யார் என்று கேட்பவர்கள் குறைவு. வழிகாட்டியோடு போகும் பயணத்தில் காசு பெறுவதும் பெறாததும் அந்த ஆளைப் பொறுத்தது.

ஊரிலிருந்து கூடவே வரும் டூர் மேனேஜரை வழிகாட்டி என்று நினைத்துவிடுகிறோம். ரூம் சாவி, சாப்பாடு, பஸ் நேரம் இதெல்லாம் அவர் பொறுப்பு. அங்கோர் வாட்டைச் சுற்றிக்காட்ட கம்போடிய அரசின் உரிமம் பெற்ற உள்ளூர்க்காரர் வேண்டும். அவர் இல்லாவிட்டால், 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய கோயிலுக்குப் போய், குளத்தருகே நின்று போட்டோ எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கிழக்குத் தாழ்வாரத்தில் கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளத்துக்குத் திருப்பாற்கடல் கடையும் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. ஒரு பக்கம் அசுரர், மறுபக்கம் தேவர், நடுவில் திருமால், கீழே மீனும் முதலையும். மத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மீன்கள் மட்டும் கடைந்த வேகத்தில் துண்டாகிக் கிடக்கும். கதை நமக்குத் தெரியும்; அந்தத் துண்டு மீனை விரல் நீட்டிக் காட்டத்தான் ஆள் தேவை.

அதற்கு நேரமும் வேண்டும். பல பேக்கேஜ்களில் அங்கோருக்கு ஒரே நாள். ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர். இன்னொரு ஊரைப் பட்டியலில் சேர்ப்பதைவிட இந்த 25 டாலர் எவ்வளவோ மேல். அரை டிராயர் போட்டுக்கொண்டு போனால் அங்கோர் வாட் கோயிலின் மேல்தளத்துக்கு ஏறவிட மாட்டார்கள். தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும்.

ஆப்பிரிக்காவில் காட்டு விலங்கு பார்க்கப் போகும் சஃபாரியில் பெரிய தவறு மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கிறது. பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே லீவு. கென்யாவிலோ மார்ச் முதல் மே வரை பெருமழை. அங்கே இருக்கும் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்திலும் நம் உடுமலைப் பக்கம் போலக் கரிசல் உண்டு. நனைந்த கரிசலில் வண்டி என்ன பாடுபடும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மாதங்களில் பேக்கேஜ் மலிவாகக் கிடைப்பதும் இதனால்தான். வில்டபீஸ்ட் என்னும் மாடு போன்ற மான்கள் கூட்டமாக மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஜூலை முதல் அக்டோபர் வரை போக வேண்டும். அப்போது காப்பகக் கட்டணமும் இரட்டிப்பு: வெளிநாட்டுப் பெரியவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து 200. "எல்லாம் சேர்த்துத்தானுங்க" என்பார்கள். சரி, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு வண்டியில் எத்தனை பேர், எல்லோருக்கும் ஜன்னல் சீட் உண்டா என்றும் கேளுங்கள்.

டாப்ஸ்லிப்பில் வனத்துறை வண்டியில் ஏறி, யானை வந்தால் வந்தது, இல்லாவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பொள்ளாச்சி என்று திரும்பிய பழக்கம் நமக்கு. மாராவில் இந்த அவசரம் ஆகாது. ஆற்றங்கரையில் வில்டபீஸ்ட் கூட்டம் கூட்டமாகச் சேரும். முன்னால் நிற்பது தண்ணீர் வரைக்கும் இறங்கி, மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். மறுபடி இறங்கும், மறுபடி திரும்பும். மணிக்கணக்கில் இதே கதைதான். "சிங்கத்தையாவது காட்டட்டும், வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். டிரைவரும் எடுத்துவிடுவார், காசு கொடுத்தவர்கள் நாமாயிற்றே. அப்புறம்தான் கூட்டம் ஆற்றில் இறங்கிவிட்டதாக வயர்லெஸ்ஸில் சேதி வரும். சிறுத்தைக்குக் கிட்டத்தில் போக வேண்டும் என்று டிப்ஸை நீட்டி, வண்டியைப் பாதையை விட்டு இறக்கச் சொல்வது இன்னும் மோசம். காப்பகத்தில் அதற்குத் தடை, மாட்டிக்கொள்பவர் டிரைவர்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று பருத்திச் சட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். மாரா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஜூலை விடியலில், கூரை திறந்த வண்டியில் ஸ்வெட்டர் இல்லாமல் பல் தந்தியடிக்கும். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறிய விமானத்தில் போவதாக இருந்தால் பொதுவாக 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையில். கெட்டிப் பெட்டி ஏறாது.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரம் உண்டு. எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

முறுக்கு, பருப்புப்பொடி கட்டும்போது பிளாஸ்டிக் கேரி பேக் வேண்டாம். கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து அதற்குத் தடை. விமான நிலையத்திலேயே பறித்துக்கொள்வார்கள். எவர்சில்வர் டப்பாவும் மஞ்சப்பையும் போதும்.