காருக்கு எந்த அளவு இன்சூரன்ஸ் போடலாம்? டெல்டாக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கும், இத்தனை வருடம் ஏஜென்ட் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இந்த முறை நாமே பார்த்துப் போடலாம் என்று நினைப்பவர்களுக்கும் இது. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் ஓடும் காருக்கும் கோயம்புத்தூரில் ஓடும் காருக்கும் ஒரே கவர் பொருந்தாது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் தெருவெல்லாம் தண்ணீர். காரை நிறுத்துவதோ பெரும்பாலும் தென்னைமரத்தடியில். ஆர்.சி. புக்கையும் போன வருடப் பாலிசியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. தேர்டு பார்ட்டி: இதில் யோசிக்க ஒன்றுமில்லை

நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான கவர் இது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம். சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. விலையை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த பட்டியல்படி 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு வருடத்துக்கு 3,416 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எந்தக் கம்பெனியிலும் இதே விலைதான் என்பதால் இதற்காகப் பத்து இடம் விசாரிக்க வேண்டாம்.

நம் வண்டியால் அடுத்தவருக்கு உயிர்ச்சேதமோ காயமோ ஏற்பட்டால் நீதிமன்றம் சொல்லும் இழப்பீடு எவ்வளவானாலும் கம்பெனி கட்டும். அடுத்தவர் சொத்துக்கு 7.5 லட்சம் வரை. நம் வண்டிக்கு? ஒரு பைசா வராது. ரோட்டில் நெல் காயப்போட்டிருக்கிறார்கள், ஒதுங்கப்போய் வாய்க்காலில் கார் இறங்கிவிட்டது என்றால் தூக்குகிற கிரேன் வாடகைகூட நம் பாடுதான். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடும் வேண்டும். ஏற்கெனவே அந்த அளவுக்கு வேறு விபத்துப் பாலிசி இருந்தால் அதைக் காட்டி இதை விட்டுவிடலாம்.

2. வண்டியின் மதிப்பைக் கணக்குப் போடுங்கள்

பாலிசியில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கும். வண்டி திருட்டுப் போனாலோ ஒன்றுக்கும் ஆகாமல் போனாலோ கிடைக்கும் உச்சத் தொகை அதுதான். அந்த மாடலின் இன்றைய ஷோரூம் விலையிலிருந்து வயதுக்கேற்பக் கழிப்பார்கள்: ஒரு வயதைத் தாண்டினால் 20 சதவீதம், இரண்டைத் தாண்டினால் 30, மூன்றைத் தாண்டினால் 40, நான்கைத் தாண்டினால் 50. ஐந்துக்கு மேல் பேசி முடிவு செய்வதுதான். ஷோரூம் விலை 6 லட்சம், வண்டிக்கு மூன்றரை வயது என்றால் ஐடிவி 3.6 லட்சம்.

பிரீமியம் குறையும் என்று ஐடிவியைக் குறைத்துக் காட்டும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மிச்சமாவது சில நூறு. வண்டி போனால் நஷ்டம் லட்சக் கணக்கில்.

3. ஃபுல் கவர் வேண்டுமா?

உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக்கே இந்தக் கார் போய்விட்டால் கைக்காசைப் போட்டு இன்னொன்று வாங்க முடியுமா? முடியாது என்றால், நம் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்துப் பணம் தரும் ஃபுல் கவர் போடுங்கள். கார் லோன் இருந்தால் பேங்கே கேட்கும். பதினைந்து வயது வண்டி, விற்றால் அறுபதாயிரம்கூடத் தேறாது என்றால் தேர்டு பார்ட்டி போதும்.

வெள்ளம், புயல், தீ, திருட்டு எல்லாம் ஃபுல் கவருக்குள் வரும். கார் மேல் மரம் விழுந்தாலும் அப்படித்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரை கடந்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகள் எப்படிக் கிடந்தன என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

4. எஞ்சினுக்குத் தனிக் கவர்

நம் ஊரில் பலரும் ஏமாறுவது இங்கேதான். ஃபுல் கவரில் வெள்ளம் உண்டே என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். சீட், ஒயரிங், கதவு என்று வெள்ளத்தால் நேரடியாகக் கெட்டதற்குப் பணம் வரும். எஞ்சின் விஷயம் வேறு. தேங்கிய தண்ணீரில் ஓட்டும்போது காற்று போகும் வழியில் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அதனால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும், வண்டி நின்றுவிடும். பதற்றத்தில் சாவியைத் திருகித் திருகி ஸ்டார்ட் செய்தால் மிச்சமிருந்ததும் போய்விடும். வெள்ளத்தால் கெட்டதல்ல, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் கெட்டது என்று, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எழுதிவிடுவார்.

இதற்காகவே எஞ்சின் புரொடெக்ட் என்று ஒரு கூடுதல் கவர் விற்கிறார்கள். கூடுதல் கவர்களில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டெல்டாவில் இதைத்தான் வாங்கச் சொல்வேன். பெரும்பாலும் புதிய வண்டிகளுக்குத்தான் தருவார்கள், எத்தனை வயது வரை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இது இருந்தாலும் சாவியைத் தொடாதீர்கள். நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், கம்பெனிக்குப் போன் செய்யுங்கள், வண்டியைக் கட்டி இழுக்கச் சொல்லுங்கள். வாசலில் நின்றபடியே மூழ்கிய காரையும் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது.

5. பம்பர் டு பம்பர்

சாதாரண ஃபுல் கவரில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான். 8,000 ரூபாய் பம்பர் உடைந்தால் 4,000 கணக்காகும். 1500 சிசி வரையுள்ள வண்டிக்கு அதிலும் 1,000 ரூபாய் நம் பங்கு; கைக்கு வருவது 3,000. இப்படிப் பாதி விலை கழிக்காத பம்பர் டு பம்பர் என்ற கூடுதல் கவர் இருந்தால் 7,000 வரும்.

ஆனால் கிளெய்ம் வாங்கினால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் வாங்காமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். அது வருடா வருடம் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். இப்போது 35 என்றால் அடுத்த வருடம் 45. ஓன் டேமேஜ் பிரீமியம், அதாவது நம் வண்டிச் சேதத்துக்காகக் கட்டும் பகுதி, 8,000 என்று வைத்துக்கொண்டால் 3,600 ரூபாய் தள்ளுபடி. வெறும் 3,000 ரூபாய்க்காக அதை விடுவானேன்? சின்ன உரசலுக்கெல்லாம் கைக்காசில் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் இந்தப் போனஸ் போய்விடும்.

6. பணம் கட்டும் முன்

எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். வெள்ளை போர்டு வண்டியைத் திருநள்ளாறுக்கும் நவக்கிரகக் கோயில் சுற்றுக்கும் வாடகைக்கு விடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அப்படிப் போகும்போது விபத்து நடந்தால் கிளெய்மை மறுத்துவிடுவார்கள். தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சும்மா கொடுத்தால் பரவாயில்லை.

பழைய கார் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு விலை பேசுங்கள்.