வில்லனோட வஞ்சத்தை நம்புற மாதிரி எழுதறது எப்படி?

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் எழுதப்போறீங்கன்னா, முதல்ல வில்லனோட கோவம் எந்த நிமிஷத்துல ஆரம்பிச்சுதுன்னு முடிவு பண்ணுங்க. "கெட்டவன், அதனால கறுவிக்கிட்டு திரியறான்"னு விட்டுட்டா கதை அங்கயே படுத்துரும்.

மார்வெல் காமிக்ஸ்ல 1962ல வந்த டாக்டர் டூம்ங்கற வில்லனை எடுத்துக்கோங்க. காலேஜ்ல இவன் ஒரு மெஷினுக்காக போட்ட கணக்குல தப்பு இருக்குன்னு, பின்னாடி ஹீரோவாகப்போற ரீட் ரிச்சர்ட்ஸ் சொல்றான், இவன் கேக்கல, மெஷின் வெடிச்சு மூஞ்சி கெட்டுப்போகுது, ஆனா எல்லாத்துக்கும் ரீட்தான் காரணம்னு ஆயுசுக்கும் நம்புறான். ரீட் நல்லதுதான் சொன்னான், அதான் இவனுக்கு இன்னும் எரியுது. உங்க வில்லனுக்கும் அப்படி ஒரு காயம் குடுங்க, அதை அவன் வாயாலயே திரிச்சு சொல்லட்டும்.

அடுத்து, ஜெயிச்சா அவன் என்ன பண்ணுவான்? நிறைய பேர் இதை யோசிக்கறதே இல்ல, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். 1987ல வந்த கதையில வேட்டைக்காரன் க்ராவென் ஸ்பைடர்மேனை சுட்டு மயக்கி உயிரோட புதைச்சுட்டு, அவன் டிரெஸ்ஸையே மாட்டிக்கிட்டு ராத்திரி நியூயார்க்ல சுத்துறான், அவனை விட நான்தான் பெரிய ஆளுன்னு தனக்குத்தானே நிரூபிக்கறதுக்காக. ரெண்டு வாரம் கழிச்சு ஸ்பைடர்மேன் மண்ணைக் கிழிச்சுக்கிட்டு வந்து அடிக்கறப்போ க்ராவென் திருப்பி அடிக்கக்கூட இல்ல. அவனுக்கு வேலை முடிஞ்சாச்சு. படிச்சப்போ எனக்கு தொண்டை அடைச்சிருச்சு.

வசனத்தை குறைச்சு, வில்லனோட ரூமை ஒரு பேனல்ல, அதாவது காமிக்ஸ் பக்கத்துல ஒரு கட்டத்துல காட்டுங்க. சுவத்துல என்ன ஒட்டியிருக்கு, எந்த நாற்காலி காலியா இருக்குன்னு.