ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் கருவிகள் காலை வாரும் இடங்கள்

இறுதியாண்டு ரிப்போர்ட்டில் அதிகம் சிதைவது, முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் லிட்டரேச்சர் சர்வே பகுதிதான். ஆய்வுக்கட்டுரையிலிருந்து ஒரு பத்தியை எடுத்துக் குவில்பாட் போன்ற மாற்றியெழுதும் கருவியில் போடுகிறார்கள். அதற்குக் கலைச்சொல் எது, சாதாரணச் சொல் எது என்று எப்போதும் பிடிபடுவதில்லை. ‘சிக்னல் டு நாய்ஸ்’ என்பது ‘ஃபிளாக் டு கிளாமர்’ (கொடி, கூச்சல்) ஆன கூத்தெல்லாம் அச்சான ஆய்விதழ்களிலேயே நடந்திருக்கிறது. ஸ்ட்ரெஸ் (தகைவு) இருந்த இடத்தில் ஸ்ட்ரெயின் (திரிபு) வந்தால் இன்னும் மோசம்: ஒன்றுக்கு அலகு மெகாபாஸ்கல், மற்றதற்கு அலகே கிடையாது. வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

இத்தனையும், நகலைக் கண்டறியும் டர்னிட்டின் மென்பொருள் காட்டும் ஒற்றுமைச் சதவீதத்தைக் குறைக்கத்தான். முதுநிலை, ஆய்வுப் பட்ட ஆய்வேடுகளுக்கான யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. நூற்பட்டியலும் வழக்கமான சமன்பாடுகளும் கணக்கில் சேராது. கட்டுரையை மூடிவைத்துவிட்டு, எதை அளந்தார்கள், எவ்வளவு வந்தது என்று இரண்டு வரி சொந்தமாக எழுதி, மேற்கோள் எண் போட்டால் போதும்.

பிடிஎஃபிலிருந்து எண்களை நகலெடுக்கும்போது அடுக்குக்குறி கீழே இறங்கிவிடும். எஃகின் மீட்சிக் குணகம் 2 × 10⁵ மெகாபாஸ்கல். ஒட்டியபின் அது 2 × 105. அதாவது 210, ஏறக்குறைய பாலித்தீனின் அளவு. எழுத்துப்பிழை திருத்தி இதைக் கண்டுகொள்ளாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஆங்கில இலக்கணம் திருத்தும் கிராமர்லி செயப்பாட்டு வினையைக் கண்டாலே அடிக்கோடிடும். சோதனைமுறைப் பகுதியில் அதைப் பொருட்படுத்த வேண்டாம். கான்கிரீட் கனசதுரம் 28 நாள் நீரில் வைக்கப்பட்டது என்பதுதான் செய்தி, வைத்தவர் யார் என்பதல்ல.

சாட்ஜிபிடி தரும் மேற்கோள்களில் இல்லாத கட்டுரைகளும் இருக்கும். ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய அடையாள எண்ணான டிஓஐயை, மேற்கோள்களை நிர்வகிக்கும் ஜோட்டெரோ மென்பொருளின் மந்திரக்கோல் பொத்தானில் ஒட்டிப் பாருங்கள். வேறு தலைப்பு வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ அதை நீக்குங்கள். மேற்கோள்களுக்கு எண்ணிடும் ஐஇஇஇ பாணியைத் தேர்ந்தெடுத்து ஜோட்டெரோ வழியாகவே எண்ணிட்டால், நடுவில் ஒரு கட்டுரை சேர்ந்தாலும் வரிசை தானே மாறும்.

வேர்டில் ‘படம் 4.3’ என்று கையால் தட்டச்சு செய்வதுதான் கடைசி இரவைத் தின்னும் தவறு. இடையில் ஒரு படம் நுழைந்தால் பின்னால் வருவதெல்லாம் தப்பு. இன்சர்ட் கேப்ஷன் கொடுத்து, உரையில் கிராஸ் ரெஃபரென்ஸ் வழியாகச் சுட்டுங்கள். பிடிஎஃப் ஆக்குமுன் கன்ட்ரோல் ஏ, பிறகு எஃப்9. அதன்பின் ‘எரர்!’ என்ற சொல்லைத் தேடுங்கள். அது தென்படும் இடத்தில், சுட்டப்பட்ட படத்தின் கேப்ஷனை யாரோ அழித்திருப்பார்கள்.