நம்ம டீச்சருக்கு நினைவேந்தல் நடத்துறது எப்படி

ப்ளெக்ஸ் வைக்கிறதும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுறதும் ரெண்டு நாள்ல முடிஞ்சிரும், அதுக்கப்புறம்தான் பழைய மாணவங்க நாலு பேரு சேந்து "டீச்சருக்கு ஏதாச்சும் செய்யணும்ப்பா"ன்னு பேச ஆரம்பிப்பாங்க. எங்க டீச்சர் இறந்தப்ப நாங்க செஞ்சத வச்சு இத எழுதுறேன், பாம்பன், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரைன்னு நம்ம கரையோரத்துல யாருக்கு வேணும்னாலும் உதவும். எங்க டீச்சர் அறிவியல் எடுத்தாங்க. பிள்ளைங்க கஷ்டத்த கேட்டு ஆலோசனை சொல்ற கவுன்சிலர்னு தனி போஸ்டிங் எல்லாம் கெடையாது, ஆனா லேப்ல ரெண்டு ஸ்டூல போட்டு பிள்ளைங்கள உக்கார வச்சு பேசுன வேலைதான் அவங்களோட பெரிய வேலை.

மொதல்ல வீட்டாளுங்ககிட்ட கேளுங்க. பதினாறாம் நாள் காரியமோ, முப்பதாம் நாள் பூசையோ, ஃபாத்திஹாவோ, அவங்க வழக்கம் எதுவோ அது முடியட்டும். படத்திறப்பு, மாலை எல்லாம் சில வீட்ல விரும்ப மாட்டாங்க, அத நீங்களா முடிவு பண்ணாதீங்க.

அடுத்தது ஞாபகங்கள சேக்குறது, இதுக்குத்தான் நேரம் அதிகமா ஒதுக்கணும். "டீச்சர பத்தி சொல்லுங்க"ன்னு கேட்டா எல்லாரும் "தங்கமான மனுஷி"ன்னு சொல்லிட்டு நிறுத்திருவாங்க. உன்ன எதுக்கு கூப்பிட்டு பேசுனாங்க, என்ன கேட்டாங்க, மறுநாள் என்ன செஞ்சாங்க, இப்படி கேளுங்க. கலாம் ஐயா ராமேஸ்வரத்துல தனக்கு பாடம் எடுத்த சிவசுப்பிரமணிய ஐயர பத்தி எழுதுனப்ப நல்லவர்னு மட்டும் சொல்லிட்டு போகல, வீட்டுக்கு சாப்பிட கூப்பிட்டதையும், அவரு மனைவி பரிமாற மாட்டேன்னப்ப ஐயரே தன் கையால பரிமாறிட்டு பக்கத்துல உக்காந்து சாப்பிட்டதையும் எழுதுனாரு. அதனாலதான் அந்த ஐயர் இன்னிக்கும் நம்ம மனசுல நிக்கிறாரு.

படிச்ச பிள்ளைங்கள மட்டும் கேக்காதீங்க, அம்மாமாரையும் கேளுங்க. கடல்ல பாசி எடுக்கப் போற ஒரு அக்கா சொன்னது இது. மக பத்தாவது முடிச்சதும் படிப்ப நிறுத்துறதா இருந்தாங்களாம், டீச்சர் வீட்டுக்கு வந்து பாத்துட்டு ஆள் இல்லன்னதும் நேரா கரைக்கே வந்துட்டாங்க, இவங்க அப்பதான் தண்ணிய விட்டு ஏறி வர்றாங்க, பாறை கிழிக்காம இருக்க விரல்ல சுத்துன துணி ஊறிப்போய் முடிச்சு அவுக்க வரல, டீச்சர் மணல்ல உக்காந்து ஒவ்வொரு விரலா அவுத்துக்கிட்டே "பிளஸ் ஒன்னுக்கு நானே அப்ளிகேஷன் வாங்கிட்டு வர்றேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னு சொன்னாங்களாம். அந்த அக்கா பேசுனத போன்லயே ரெக்கார்ட் பண்ணி, அவங்க சொன்ன மாதிரியே நினைவு மலர்ல போட்டோம். நீங்களும் அப்படியே போடுங்க, மேடைத்தமிழுக்கு மாத்தி கெடுத்துராதீங்க.

இப்ப ரொம்ப முக்கியமான விஷயம். மத்த டீச்சருங்க மாதிரி இல்ல இது, இவங்ககிட்ட பிள்ளைங்க சொன்னது பாதி ரகசியம். பேர மாத்திட்டா போதும்னு நெனைக்காதீங்க, "அப்பா இலங்கை ஜெயில்ல இருந்தப்ப பத்தாவது எழுதுன பொண்ணு"ன்னு ஒரு வரி போட்டா தெருவுக்கே ஆள் யாருன்னு தெரிஞ்சிரும். எழுதுனத சம்பந்தப்பட்டவங்களுக்கு வாசிச்சு காட்டி, அவங்க சரின்னா மட்டும் அச்சுக்கு குடுங்க, வேணாம்னா காரணம் கேக்காம எடுத்துருங்க. டீச்சரோட டைரி, நோட்டு ஏதாச்சும் கெடச்சா பிரிச்சு படிக்காதீங்க, போட்டோ எடுக்காதீங்க, வீட்டாளுங்க முன்னாடி கட்டி ஹெச்எம்கிட்ட ஒப்படைச்சிருங்க. பாலியல் தொந்தரவு சம்பந்தப்பட்டதுன்னா பேச்சே வேணாம், 2012 போக்சோ சட்டப்படி அந்த பிள்ளை யாருன்னு தெரியுற மாதிரி எதையும் வெளியிடக்கூடாது. டீச்சர் உசுரோட இருந்தவரைக்கும் காப்பாத்துனத நாம மைக்ல போட்டு உடைக்கலாமா?

தேதி குறிக்கிறதுக்கு கடல் கணக்கும் பாக்கணும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகுக்காரங்க கரையில இருப்பாங்க, ஆனா மே மாசம் ஸ்கூல் பூட்டிக்கெடக்கும். அதனால ஸ்கூல் தொறந்த பெறகு ஜூன் 14க்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வச்சா ரெண்டு பக்கமும் ஆள் வரும். பாசி எடுக்குற பொம்பளைங்ககிட்டயும் அந்த நாள் தோதுப்படுமான்னு கேட்டுக்குங்க. வெளிய பந்தல் போடாம ஹால்ல வைங்க, அந்த மாசத்து காத்துல மைக் வெறும் இரைச்சலா கேக்கும். பிரமுகருங்கள கடைசில பேச விடுங்க, மொதல்ல அம்மாமாரு பேசட்டும், இதுல மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்குடுக்காதீங்க.

வசூலான காசுல சிலை, கல்வெட்டு எல்லாம் வேணாங்கறது என் கருத்து. பள்ளி மேலாண்மைக் குழுவுல தீர்மானம் போட்டு, பேங்க்ல டெபாசிட் பண்ணி, வர்ற வட்டில வருஷா வருஷம் பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்களுக்கு அப்ளிகேஷன் பீஸ், காலேஜ் சேர போற பஸ் காசு குடுக்கலாம். பெருசா செய்யணும்னா அரசோட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாவும் குடுக்கலாம். லேப் சுவத்துல டீச்சர் பேரோட 1098, 14417 ரெண்டு நம்பரையும் பெயிண்ட்ல பெருசா எழுதி வைங்க, மொதலாவது குழந்தைகள் ஹெல்ப்லைன், ரெண்டாவது கல்வித்துறையோடது. உதவி வாங்குற பிள்ளைய மட்டும் மேடைக்கு கூப்பிட்டு கவர் குடுத்து போட்டோ எடுக்காதீங்க, ஆபீஸ் ரூம்ல அம்மா அப்பா கையில குடுத்து அனுப்புங்க.