எரிவாயுக் கிணற்றில் உற்பத்தி குறைந்தால்: ரசாயனம் செலுத்தும் முறை

வழுதூர் மின்நிலையத்தை ஓட்டுவது ராமநாதபுரம் மண்ணுக்கடியில் கிடைக்கும் எரிவாயு. இக்கிணறுகளில் வேலைக்குச் சேரும் டிப்ளமோ படித்த பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பில் அமிலத்தைத் தொடாதீர்கள். உற்பத்தி ஏன் குறைந்தது என்று முதலில் பாருங்கள். வாயுவின் வேகம் குறைந்தால் கூடவரும் நீர் மேலேறாமல் குழாயடியில் தேங்கி, வாயுவை அமுக்கிவிடும். இதற்குச் சோப்புக் குச்சியே போதும். குழாய்க்குள் போட்டால் நீர் நுரைத்து, எடை குறைந்து, வாயுவோடு வெளியேறும்.

குழாயின் உட்புறம் ஒட்டிய உப்புப் படிவுதான் காரணம் என்றால் சோதனை அவசியம். கழற்றிய குழாயிலிருந்து வெள்ளைப் படிவைச் சுரண்டிக் கண்ணாடிக் குவளையில் இடுங்கள். காற்றோட்டமான இடத்தில், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பெரியபட்டினம் கடற்கரைச் சிப்பியில் விட்டதுபோல் சுர்ரென்று பொங்கிக் கரைந்தால் அது கால்சியம் கார்பனேட். அசையாமல் கிடந்தால் பேரியம் சல்ஃபேட்டாக இருக்கலாம். அதற்கு இந்த அமிலம் வீண், டிடிபிஏ போன்ற வேறு கரைப்பான் வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உடனே விலகுங்கள். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஆளைக் கொல்லும் வாயு.

அடுத்து, அளவு. 15 சதவீத அமிலம் 1 லிட்டர், சுமார் 220 கிராம் கார்பனேட்டைக் கரைக்கும். 500 கிலோ படிவுக்கு ஏறத்தாழ 2,300 லிட்டர் தேவை. கலக்கும்போது நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை அல்ல. அரிப்புத் தடுப்பான் சேர்க்காமல் பம்பை ஓட்டினால் எஃகுக் குழாயையே அமிலம் தின்றுவிடும். கரைந்த இரும்பு மீண்டும் படியாமலிருக்கச் சிட்ரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். பாறை பிளக்கும் அழுத்தத்துக்குக் கீழேயே நிதானமாகச் செலுத்துங்கள்.

வாயு வரும் மணற்பாறையைக் களிமண் அடைத்திருந்தால் 12 சதவீத ஹைட்ரோகுளோரிக்கும் 3 சதவீத ஹைட்ரோஃபுளோரிக்கும் சேர்ந்த அமிலக் கலவை வேண்டும். அதற்கு முன் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மட்டும் விட்டுக் கார்பனேட்டைக் கழுவியாக வேண்டும். இல்லாவிட்டால் கால்சியம் ஃபுளோரைடு படிந்து புது அடைப்பு உண்டாகும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பட்ட தோலில் தடவும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைவசம் இல்லாத இடத்தில் அந்த அமிலக் கேனைத் திறக்கவே கூடாது.

வேலை முடிந்து திரும்பி வரும் அமிலத்தைத் தொட்டியில் பிடித்து, சோடா சாம்பலால் நடுநிலையாக்கி, பிஎச் 7-க்கு அருகில் வந்ததைப் பார்த்த பிறகே, கழிவு வண்டியில் ஏற்றுங்கள். ஒரு வாளிகூட மணலில் கொட்டக்கூடாது; இந்தக் கரையோர மக்கள் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுப்பது அதே மணலில்தான்.